கை அசையாது... ஆனாலும் இசை வரும்! மூளை அலையில் பிறக்கும் இசை: எப்படி சாத்தியம்?

விபத்து அல்லது நரம்பு நோயால் கை, கால் அசைவையும் பேச்சையும் இழந்த ஒருவர், எந்த வாத்தியத்தையும் தொடாமலேயே கச்சேரியில் பங்கேற்க முடியுமா? முடியும் என 2015-லேயே செய்து காட்டியது பிரிட்டனின் பிளைமவுத் பல்கலைக்கழகம். இசை, நரம்பியல், கணினி ஆகிய மூன்றையும் இணைத்து முனைவர் பட்ட ஆய்வுகளும் அங்கு நடந்துள்ளன. இது எப்படி வேலை செய்யுது? யாருக்குப் பயன்? பார்க்கலாம்.

எங்கே தொடங்கியது?

மூளை செல்கள் இயங்கும்போது மிகச் சிறிய அளவில் மின்சாரம் உருவாகும். தலையில் எலக்ட்ரோடுகளை ஒட்டி அதைப் பதிவு செய்வதுதான் இ.இ.ஜி. மனித மூளையின் மின் அலைகளை 1924-ல் முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனி மருத்துவர் ஹான்ஸ் பெர்கர்.

1965-ல் அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் இதை மேடைக்குக் கொண்டு வந்தார். கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்தால் அதிகமாகும் ஆல்ஃபா அலைகளை ஸ்பீக்கர்களுக்கு அனுப்பினார். அந்த அதிர்வில் பக்கத்தில் இருந்த தாள வாத்தியங்கள் ஒலித்தன. ஆனால், எந்த ஒலி வர வேண்டும் என அவரால் துல்லியமாகத் தேர்வு செய்ய முடியவில்லை.

பிளைமவுத்தில் என்ன செஞ்சாங்க?

அந்தத் தேர்வைத்தான் இசையமைப்பாளர் எட்வர்டோ மிராண்டாவின் குழு சாத்தியமாக்கியது. அங்கு முனைவர் பட்ட ஆய்வு செய்த ஜோயல் ஈட்டனும் இதில் முக்கியப் பங்காற்றினார்.

திரையில் நான்கு கட்டங்கள் வெவ்வேறு வேகத்தில் மின்னும். ஒவ்வொன்றும் ஒரு சிறு இசைத் துணுக்கு. நோயாளி ஒன்றை உற்றுப் பார்த்தால், பின்மண்டையில் உள்ள பார்வைப் பகுதியிலும் அதே வேகத்தில் அலை எழும். எந்தக் கட்டம் என்பதை கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். உடனே அந்த இசைக் குறிப்பு, வாசிக்கும் கலைஞர் முன்னுள்ள திரையில் தோன்றும். லண்டனில் உள்ள நரம்பியல் மருத்துவமனை ஒன்றில் நான்கு நோயாளிகள் தேர்வு செய்ய, நான்கு கலைஞர்கள் தந்தி வாத்தியங்களில் வாசித்தார்கள்.

அப்போ மனசுல ஓடுற பாட்டை மெஷின் படிச்சிடுமா?

இல்லை. இங்கு நடப்பது மனதைப் படிப்பது அல்ல, கொடுத்த நான்கில் ஒன்றைத் தேர்வு செய்வது மட்டுமே.

2023-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள், பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் பாடல் ஒன்றை மூளைப் பதிவிலிருந்து மீட்டெடுத்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆனால், அந்த 29 பேரும் வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையின் மேலேயே எலக்ட்ரோடு பொருத்தப்பட்டவர்கள். மீட்டது அவர்கள் காதால் கேட்ட பாடலை, கற்பனை செய்த பாடலை அல்ல.

2025-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இன்னொரு முன்னேற்றம். ஏ.எல்.எஸ். நோயால் தெளிவாகப் பேச முடியாத ஒருவரின் மூளையில் 256 எலக்ட்ரோடுகள் பொருத்தப்பட்டன. அவர் பேச முயன்றதும் கம்ப்யூட்டர் உடனுக்குடன் குரல் கொடுத்தது. எளிய மெட்டுகளைக்கூட அவரால் பாட முடிந்தது. ஆனால், கேட்டவர்களுக்குப் புரிந்தது சுமார் 60% சொற்கள்தான்.

சிக்கல் எங்கே இருக்கு?

தலைக்கு மேல் ஒட்டும் எலக்ட்ரோடுக்கு அறுவை சிகிச்சை வேண்டாம். ஆனால், கண் சிமிட்டினாலோ, தாடையை அசைத்தாலோ சிக்னல் குழம்பும். மூளைக்குள் பொருத்தினால் சிக்னல் தெளிவாக இருக்கும், ஆனால் ஆபரேஷன் ஆபத்து உண்டு. இதற்கு நடுவில் இன்னொரு கேள்வி: கண்ணை நகர்த்த முடிந்தவருக்கு, பார்வையைப் பின்தொடரும் கேமராவே போதுமே? மூளைக் கருவி எதற்கு? இந்தத் துறையில் ஆய்வு செய்பவர்கள் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

அதைவிடப் பெரிய கேள்வி, ஆய்வு முடிந்த பிறகு வருவது. பட்டம் வாங்கியதும் மாணவர் போய்விடுவார். கருவியைச் சரிபார்த்து இயக்க ஆள் இல்லாவிட்டால், திரும்பக் கிடைத்த இசையை நோயாளி மறுபடியும் இழப்பார்.

மூளைத் தரவு யாருக்குச் சொந்தம்?

இ.இ.ஜி. ஹெட்செட்கள் இப்போது கடையில் வாங்கும் பொருளாகிவிட்டன. அதில் பதிவாகும் தரவை நிறுவனங்கள் எப்படிப் பயன்படுத்தும் என்ற கவலையும் எழுந்துள்ளது. தென் அமெரிக்க நாடான சிலி 2021-ல் மூளைச் செயல்பாட்டுத் தகவலைப் பாதுகாக்க அரசியலமைப்பையே திருத்தியது. அமெரிக்காவில் கொலராடோ, கலிஃபோர்னியா மாநிலங்கள் 2024-ல் தனியுரிமைச் சட்டங்களில் இதைச் சேர்த்தன.

சுருக்கமா சொன்னா...

நினைத்த மாத்திரத்தில் பாட்டு போடும் மெஷின் இன்னும் வரவில்லை. ஆனால், ஒரு விரலைக்கூட அசைக்க முடியாதவர், அடுத்து எந்த இசை ஒலிக்க வேண்டும் என முடிவு செய்யும் நிலை வந்துவிட்டது. ஆய்வகத்தில் சாத்தியமானதை, நோயாளி தினமும் வீட்டிலேயே பயன்படுத்தும் அளவுக்கு எளிமையாக்குவதுதான் அடுத்த சவால்.