புலி எப்போது வெட்டலாம்?

ஆடு புலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. இதுவரை வழக்கில்லை. எல்லா ஆடும் இறங்குமுன் புலி வெட்டலாமா, ஒரே முறையில் இரண்டை அடுத்தடுத்து வெட்டலாமா என்னுமிடத்தில்தான் குரல் உயரும் (புலிக்காரர் தோற்கும் நிலையில் இன்னும் உயரும்). மதுரையைச் சுற்றியுள்ள ஊர்த் திண்ணைகளில் இதைத் தீர்ப்பவர் பெரும்பாலும் ஆடாமல் பார்த்திருக்கும் பெரியவர். "நம்ம ஊர்ல இப்படித்தான்" என்பார், ஆட்டம் தொடரும். அடுத்த ஊரில் தீர்ப்பு வேறு.

கைப்பேசிச் செயலியில் இந்த வழக்கே எழுவதில்லை. தனக்கு ஒவ்வாத நகர்த்தலை அது அனுமதிப்பதில்லை. இதை வளர்ச்சியென்று கொள்ள எம்மால் இயலவில்லை. 1983இல் இங்கிலாந்தில் வெளிவந்த வார்ஹாமர் என்னும் பொம்மைப்போர் ஆட்டத்துக்குப் பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்களில் விதிநூல்கள் வந்தன. அவற்றிலேயே, உடன்பாடு எட்டாவிட்டால் பகடையை உருட்டி மேலே ஆடுங்கள் என்ற யோசனையும் உண்டு.

மதுரைக்கு அருகே கீழடி அகழாய்வில் பகடையும் ஆட்டக்காய்களும் கிடைத்தன. அவற்றைக் கொண்டு எப்படி ஆடினர் என்பது மண்ணில் கிடைக்கவில்லை. நாட்டார் விளையாட்டுகளைத் தொகுக்கும் நண்பர்களிடம் எமது வேண்டுகோள் இதுதான்: விதியோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த ஊரில் எதற்குச் சண்டை வந்தது, யார் சொல்லி அடங்கியது என்பதையும் குறித்துவையுங்கள்.