படிவச் சரிபார்ப்பு எங்கே நடக்க வேண்டும்: சங்கத்தின் நிலைப்பாடு

இணையப் படிவத்தில் நிரப்புவதை இரண்டு இடங்களில் சரிபார்க்கலாம்: நிரப்புபவரின் கைபேசியில் உள்ள உலாவியில், அல்லது விண்ணப்பம் போய்ச் சேரும் சர்வரில். மீனவர் நலப் படிவங்களுக்கு உலாவிச் சரிபார்ப்பே போதும், சர்வரில் மறுபடி பார்ப்பது வீண்வேலை என்ற முடிவை மீனவர் சங்கம் ஏற்கவில்லை.

உலாவிச் சரிபார்ப்பு வேண்டியதுதான். ஆதார் எண்ணின் 12ஆவது இலக்கம் முந்தைய 11 இலக்கங்களிலிருந்து வெர்ஹூஃப் முறையில் கணக்கிடப்படுவது. ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் கைபேசியே பிடித்துவிடும். ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் ஐந்தாம் இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' விழுந்தால் அங்கேயே சொல்லிவிடலாம். சிக்னல் விட்டுவிட்டு வரும் திருப்பாலைக்குடி கரையில் இது பெரிய உதவி.

ஆனால் உலாவி, அனுப்புபவரின் கையில் இருப்பது. ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிடலாம், படிவத்தைத் திறக்காமலே சர்வருக்கு எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். அதோடு, உலாவிக்கு வடிவம் மட்டுமே தெரியும். ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும் விசைப்படகுப் பதிவெண் வடிவத்தில் சரியாக இருக்கும். அப்படியொரு படகு உண்டா, அது விண்ணப்பிப்பவருடையதா என்பது பதிவேடு இருக்கும் சர்வருக்குத்தான் தெரியும். 2021இல் ஐஆர்சிடிசி தளத்தில் 'இது கேட்பவருடையதா' என்ற கேள்வியைச் சர்வர் கேட்கத் தவறியது. அனுப்பும் எண்ணை மாற்றினால் பிறர் பயணச்சீட்டின் விவரங்கள் கிடைத்தன. சென்னைப் பள்ளி மாணவர் ஒருவர் அதைக் கண்டு தெரிவித்த பிறகே குறை சரிசெய்யப்பட்டது. மீன்பிடித் தடைக்கால நிவாரணமான 8,000 ரூபாய் வேறொருவர் கணக்குக்குப் போய்விட்டால் திரும்ப வாங்க எத்தனை அலுவலகம் ஏற வேண்டும் என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை.

பெயர்க் கட்டம் பற்றித்தான் சங்கத்துக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. குடும்பப் பெயர் கட்டாயம் என்கிறது படிவம். இந்தக் கரையில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்துதான் உண்டு. ஓரெழுத்து போதாது என்று ஒரு விதி, புள்ளி கூடாது என்று இன்னொன்று. வேறு வழியில்லாமல் தகப்பனார் பெயரை முழுதாக எழுதினால், ஆதாரோடு பொருந்தவில்லை என்று விண்ணப்பம் தள்ளப்படுகிறது. தமிழில் எழுதினாலும் விடிவில்லை. யூனிகோடில் மெய்யின் புள்ளியும் காலும் கொம்பும் 'எழுத்து' வகையில் சேராமல் 'குறி' வகையில் சேர்கின்றன. எழுத்தை மட்டும் ஏற்கும் விதி, முனியசாமி என்ற பெயரைத் தவறென்று சிவப்பில் காட்டும். செய்யது என்ற பெயர் ஆங்கிலத்தில் ஆதாரில் ஒரு விதமாகவும் குடும்ப அட்டையில் வேறு விதமாகவும் பாஸ்புக்கில் மூன்றாவது விதமாகவும் இருக்கும். மூன்றையும் எழுதியது அலுவலகங்கள். தண்டனை மட்டும் பெயருக்குரியவருக்கு. பெற்றோர் வைத்த பெயரைப் பிழை என்று சொல்ல எந்த நிரலுக்கும் உரிமை இல்லை. இந்த வாக்கியத்தின் கடுமை பற்றிச் சங்கத்துக்குள் கருத்து வேறுபாடு இருந்தது; உள்ளடக்கம் பற்றி இல்லை.

ஆகவே, ஒரே விதி இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும். சர்வரின் முடிவே இறுதியானது. சர்வர் திருப்பி அனுப்பும்போது நிரப்பியவை அழியக் கூடாது. காரணம் தமிழில், அந்தக் கட்டத்தின் அருகிலேயே வர வேண்டும். எழுத்துக்கூட்டல் வேறுபாட்டை நிரலே நிராகரிக்காமல், இயன்றவரை, அலுவலர் பார்வைக்கு அனுப்ப வேண்டும். பழைய கைபேசிகளையும் கருத்தில் கொள்வது நல்லது. செலவு கூடும் என்ற வாதம் கவனத்தில் கொள்ளப்பட்டது.

நடப்பிலுள்ள படிவங்களைத் திருத்த நியாயமான அவகாசம் தேவைப்படலாம். பெயர்க் கட்டத்துக்கு அந்த அவகாசம் கிடையாது: ஏப்ரல் 15 அன்று தடைக்காலம் தொடங்குமுன் அது மாற்றப்பட வேண்டும்.