பிள்ளையின் கையைக் குறை சொல்லாதீர்கள்

நெடுவில் பழகும் பிள்ளைக்கு அலுமினிய அம்பு வாங்கப் போகும் பெற்றோர் பலர், "ஆகத் தடித்ததைத் தாங்க, அதுதான் வளையாது" என்று கேட்டு டசின் கணக்கில் வாங்கிவிடுகிறார்கள். அம்பு இடப்பக்கம் போனதும் பிள்ளைக்கு ஏச்சு.

அம்பு வளையத்தான் வேண்டும், உறவுகளே! பாரம்பரிய நெடுவில்லில் அம்பு நடுவில் அல்ல, பக்கவாட்டில்தான் இருக்கும். நாணை விட்டதும் அது நெளிந்து வில்லைச் சுற்றிப் போய்த்தான் நேராகும். விறைப்புக் கூடிய அம்பு, வலக்கைப் பிள்ளைக்கு இடப்பக்கமே விலகும்.

அம்பில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 1816 என்றால் வெளிவிட்டம் 18/64 அங்குலம், குழாயின் தடிப்பு 0.016 அங்குலம். 1916 அதைவிட விறைப்பு. 2016 இன்னும் விறைப்பு. அம்பை வெட்டிக் குட்டையாக்கினால் விறைப்புக் கூடும். முனையின் பாரத்தைக் கூட்டினால் குறையும்.

வில்லில் எழுதியிருக்கும் இறாத்தல் பெரும்பாலும் 28 அங்குல இழுவைக்குரியது. 25 அங்குலம் இழுக்கும் பிள்ளைக்கு அவ்வளவு வராது. ஆகவே நாங்கள் சொல்வது இதுதான்: முதலில் பிள்ளையின் இழுவையை அளவுங்கள். இரண்டு மூன்று அளவுகளில் ஒவ்வொன்று வாங்கி எய்து பாருங்கள். டசின் பிறகு. கைமேல் வைத்து எய்வதால் பிளாஸ்டிக் செட்டை வேண்டாம், பறவை இறகே நல்லது. நெளிந்த அம்பை ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று: உலக வில்வித்தைச் சம்மேளனப் போட்டிகளின் நெடுவில் பிரிவில் மர அம்புக்கு மட்டுமே அனுமதி. அலுமினியம் பயிற்சிக்குத்தான். காசு கொடுக்குமுன் இதையும் யோசியுங்கள்.