கடைசி வரிசையில் ஒருவர்

வாஷிங்டன் நகர அரசுப் பள்ளிகளில் 2009இல் வந்த ‘இம்பாக்ட்’ என்ற ஆசிரியர் மதிப்பீட்டு முறையைப் பற்றி மறுபடியும் படித்துக்கொண்டிருந்தேன். அதைக் கொண்டுவந்த அன்றைய பள்ளி நிர்வாகத் தலைவர் மிஷெல் ரீயின் பிடிவாதம், அடுத்த கோடையில் அதனால் வேலையிழந்த ஆசிரியர்கள், ஆசிரியர் சங்கத்தின் கோபம் எல்லாம் பலர் பேசிய கதைதான். என் மனம் நின்றது வேறு இடத்தில். அப்போதெல்லாம் ஆண்டுக்கு ஐந்து முறை, முறைக்கு அரை மணி நேரம், மதிப்பிடுபவர் ஒருவர் வகுப்புக்குள் வந்து உட்கார்வார். மூன்று முறை பள்ளி நிர்வாகத்திலிருந்து, இரண்டு முறை வெளியிலிருந்து வரும் பாட வல்லுநர். பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல்தான் வருவார்கள். கதவு திறக்கும் அந்த நொடியில், பின்னக் கணக்குப் புரியாமல் விழிக்கும் ஒரு பிள்ளைக்காக நின்று நிதானிப்பதா, மதிப்பீட்டுப் படிவம் எதிர்பார்ப்பதையெல்லாம் வேகமாகச் செய்து காட்டிவிடுவதா? இந்தத் தவிப்பை எந்த மதிப்பெண்ணும் சொல்லாது. ஆனாலும் பார்க்க வந்தவர் பிறகு ஆசிரியரோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும் என்று வைத்திருந்தார்களே, அதை நான் மனதார வரவேற்கிறேன். காலமெல்லாம் மூடிய கதவுக்குள் தனியாகப் பாடம் நடத்தி ஓய்வுபெறும் தொழிலில், விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டுப் பேசுவது பெரிய துணை. என்னால் ஏற்க முடியாதது, மாணவர்களின் தேர்வு முடிவைச் சூத்திரத்தில் போட்டு ஆசிரியரை எடைபோட்ட பகுதிதான். சில வகுப்புகளின் ஆசிரியர்களுக்கு முதலில் அதுவே பாதி மதிப்பீடு. 2012இல் 35 சதவீதமாகக் குறைத்தார்கள். அதற்கடுத்த ஆண்டு, கணக்கிட்டதில் நேர்ந்த பிழையால் 44 ஆசிரியர்களின் மதிப்பீடு தவறாகிப்போனது தெரியவந்தது. அதற்குள் அவர்களில் ஒருவர் வேலையை இழந்திருந்தார்.