வர்ஜீனியா சட்டமன்றத்தில் ஒரு சோசலிஸ்ட் படைவீரர்

சீருடையைக் காட்டி வாக்குக் கேட்பது ஆளும் வர்க்கக் கட்சிகளுக்குப் பழகிப்போன உத்தி. முன்னாள் படைவீரர் ஒருவர் வேட்பாளரானால் அவருடைய பதக்கங்கள் மேடைதோறும் பேசப்படும். எந்த வேலையும் கிடைக்காமல்தான் அவர் படைக்குப் போனாரா என்பதையும், திரும்பி வந்தபின் எந்தக் கூலிக்கு உழைத்தார் என்பதையும் எவரும் பேசமாட்டார்கள். படைவீரரைத் தேசத்தின் சின்னமாக்கிவிட்டால், அவர் ஒரு தொழிலாளி என்பதை மறைத்துவிடலாம் அல்லவா?

இந்த மறைப்பைக் கிழித்தவர்களில் ஒருவர் லீ கார்ட்டர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையில் 2018 முதல் 2022 தொடக்கம் வரை நான்கு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர். தன்னை சோசலிஸ்ட் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு, முதலாளித்துவத்தின் கோட்டைகளில் ஒன்றான தென்மாநிலத்தில் வென்றவர். அவர் சாதித்தது என்ன, எங்கே தடுக்கப்பட்டார், ஏன் தோற்றார் என்ற மூன்று கேள்விகளும் இந்திய இடதுசாரிகளுக்கும் தொடர்புடையவை.

படையிலிருந்து பணியிடத்துக்கு

1987இல் பிறந்த கார்ட்டர், 2006 முதல் 2011 வரை அமெரிக்க மரைன் படையில் பணியாற்றினார். படையை விட்டு வெளியேறியபின் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பத் தொழிலாளியானார். 2015இல் இல்லினாய் மாநிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி முதுகில் காயமடைந்தார். தொழிலாளர் இழப்பீட்டுக்காக அவர் அலைய வேண்டியிருந்தது. காயம்பட்ட தொழிலாளியைக் காக்கவென்று எழுதப்பட்ட சட்டம், நடைமுறையில் காப்பீட்டு நிறுவனத்தையும் முதலாளியையும் காக்கிறது என்பதை அவர் உடலால் அறிந்துகொண்டார். அரசியலுக்கு அவரைக் கொண்டுவந்தது அந்த அனுபவமும், 2016இல் பெர்னி சாண்டர்ஸ் நடத்திய தேர்தல் இயக்கமும்தான்.

2017இல் மனாசஸ் நகரையும் பிரின்ஸ் வில்லியம் கவுண்டியின் ஒரு பகுதியையும் கொண்ட 50ஆவது தொகுதியில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக அவர் நின்றார். எதிரே நின்றவர் குடியரசுக் கட்சியின் அவைக் கொறடா ஜாக்சன் மில்லர். மார்க்ஸ், லெனின், ஸ்டாலின், மாவோ ஆகியோரோடு கார்ட்டரை ஒப்பிட்டுத் துண்டறிக்கைகள் வீடுவீடாக அனுப்பப்பட்டன. மாநில ஜனநாயகக் கட்சியின் தலைமையும் அவரைக் கைவிட்டது. பெருநிறுவனங்களிடம் பணம் வாங்குவதில்லை என்று அறிவித்திருந்த அவருக்குத் துணை நின்றவர்கள், அமெரிக்க ஜனநாயக சோசலிஸ்டுகள் அமைப்பின் தொண்டர்களே. கதவு கதவாகத் தட்டிப் பேசி, ஏறத்தாழ 9 சதவீத வாக்கு வேறுபாட்டில் அவரை வெல்லவைத்தார்கள்.

வர்ஜீனியாவின் கீழவை உறுப்பினருக்கு ஆண்டு ஊதியம் 17,640 டாலர் மட்டுமே. இரட்டைப்படை ஆண்டில் 60 நாட்களும் மற்ற ஆண்டில் அதைவிடக் குறைவாகவும் அவை கூடும். ‘குடிமக்கள் சட்டமன்றம்’ என்று இதற்குப் பெருமை பேசப்படுவதுண்டு. உண்மையில் வழக்கறிஞர்களும் தொழிலதிபர்களும் மட்டுமே தாக்குப்பிடிக்கக்கூடிய ஏற்பாடு இது. கூலிக்கு உழைப்பவர் இரண்டு மாதம் விடுப்பு எடுத்தால் வேலை போய்விடும். சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோதே கார்ட்டர் செயலி வழி வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பு நடத்த வேண்டியிருந்தது. தொழிலாளி சட்டமன்றத்துக்குள் நுழையாதிருக்கச் சட்டமே தேவையில்லை. ஊதிய விகிதம் போதும்.

இரண்டு மசோதாக்கள், இரண்டு கதிகள்

2019 தேர்தலில் ஜனநாயகக் கட்சி இரு அவைகளையும் கைப்பற்றியது. ஆளுநர் பதவியும் அக்கட்சியிடமே இருந்தது. கார்ட்டரும் மீண்டும் வென்றிருந்தார். 2020 கூட்டத்தொடரில் அவர் கொண்டுவந்த மசோதாக்களில் இரண்டின் கதியை ஒப்பிட்டால், முதலாளித்துவ ஜனநாயகத்தின் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பது தெளிவாகும்.

முதலாவது, இன்சுலின் விலை பற்றியது. சர்க்கரை நோயாளிகள் மருந்தை அளவு குறைத்துப் போட்டுக்கொண்டு உயிரிழக்கும் நாடு அமெரிக்கா. காப்பீடு உள்ள நோயாளி தம் கையிலிருந்து செலுத்தும் தொகைக்கு உச்சவரம்பு கோரினார் கார்ட்டர். மாதத்துக்கு 50 டாலர் என்ற வரம்போடு அது சட்டமானது. பலரது சுமையைக் குறைத்த உண்மையான வெற்றி இது. ஆனால் காப்பீடே இல்லாதவருக்கு இதில் பயனில்லை. மருந்து நிறுவனம் வைக்கும் விலையையும் இச்சட்டம் தொடவில்லை.

இரண்டாவது, ‘வேலை செய்யும் உரிமைச் சட்டம்’ என்று வஞ்சகமாகப் பெயரிடப்பட்ட சட்டத்தை நீக்குவது. 1947 முதல் வர்ஜீனியாவில் நடைமுறையில் இருக்கும் இச்சட்டம் எவருக்கும் வேலை தரவில்லை. சங்கம் போராடிப் பெறும் ஒப்பந்தத்தின் பலனை, சங்கத்துக்கு ஒரு காசும் தராமலே பெறலாம் என்று அது சொல்கிறது. பணியிடத்திலுள்ள அனைவருக்காகவும் பேசும் கடமையைக் கூட்டாட்சிச் சட்டம் சங்கத்தின் தோளில் ஏற்றுகிறது. அதற்கான நிதியை மாநிலச் சட்டம் பறிக்கிறது. சங்கத்தைத் தடைசெய்யாமலே பட்டினி போட்டுக் கொல்லும் வழி இது.

2016இல் இச்சட்டத்தை மாநில அரசமைப்பிலேயே பொறித்துவிட முயன்றபோது, வாக்கெடுப்பில் வர்ஜீனிய மக்கள் அதை நிராகரித்தார்கள். ஆனாலும் இரு அவைகளையும் கையில் வைத்திருந்த ஜனநாயகக் கட்சி, கார்ட்டரின் மசோதாவை நிதி ஒதுக்கீட்டுக் குழுவுக்கு அனுப்பி அங்கேயே முடக்கியது. 2021இல் மசோதாவைக் குழுவிலிருந்து அவைக்குக் கொண்டுவர அவர் தீர்மானம் முன்மொழிந்தபோது, சொந்தக் கட்சியினரும் குடியரசுக் கட்சியினரும் சேர்ந்தே அதைத் தோற்கடித்தார்கள்.

நோயாளிக்குச் சிறு நிவாரணம் என்றால் இரு கட்சிகளும் இசைகின்றன. உழைப்புக்கும் மூலதனத்துக்கும் இடையேயான பலத்தை மாற்றுவது என்றால் இரு கட்சிகளும் ஒன்றாகின்றன. இதை நான்கு ஆண்டுகளில் நாடறியச் செய்ததே கார்ட்டரின் மிகப் பெரிய பணி.

அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. வர்ஜீனியாவில் அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்தால் வேலை பறிபோகும். 12 மாதங்களுக்கு அரசுப் பணியில் மீண்டும் சேர முடியாது. ஆசிரியர் உள்ளிட்டோரை இத்தண்டனையிலிருந்து விடுவிக்க அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். காவல்துறையினருக்கு மட்டும் பழைய விதி தொடர்ந்தது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை அமல்படுத்த மறுக்கும் காவலர்களைப் பணிநீக்கம் செய்யும் மசோதா இது என்று வலதுசாரிகள் பொய் பரப்பினார்கள். கொலை மிரட்டல்கள் குவிந்தன. 2020 ஜனவரி 20 அன்று ஆயிரக்கணக்கானோர் ஆயுதங்களோடு தலைநகர் ரிச்மண்டில் திரண்டபோது, மக்கள் தேர்ந்தெடுத்த அந்த உறுப்பினர் வெளியே சொல்லப்படாத ஓரிடத்தில் பாதுகாப்பாகத் தங்க வேண்டியதாயிற்று. ‘படைவீரர்களுக்கு மரியாதை’ என்று நாளெல்லாம் முழங்கும் கூட்டம், தொழிலாளிக்காகப் பேசிய படைவீரருக்குத் தந்த மரியாதை இதுதான்.

தோல்வி சொல்லும் பாடம்

2021இல் கார்ட்டர் ஆளுநர் பதவிக்கான உட்கட்சித் தேர்தலிலும், தம் தொகுதியின் உட்கட்சித் தேர்தலிலும் ஒரே நேரத்தில் போட்டியிட்டார். ஜூன் 8 அன்று இரண்டிலும் தோற்றார். மாநில அளவில் அவருக்குக் கிடைத்தது 3 சதவீதத்துக்கும் குறைவான வாக்கு. தொகுதியிலோ சில நூறு வாக்குகளில் வாய்ப்பு நழுவியது.

இதைக் காட்டி ‘சட்டமன்றத்தில் சோசலிஸ்டுக்கு வேலையில்லை’ என்று முடிவுகட்டுவோர் உண்டு. அது தவறு. சட்டமன்ற மேடை இல்லாவிட்டால் இன்சுலின் வரம்பும் வந்திருக்காது. இரு கட்சிகளின் கூட்டும் அம்பலப்பட்டிருக்காது. ‘சரியான வேட்பாளர் கிடைத்தால் போதும்’ என்பதும் அதே அளவுக்குத் தவறு. கார்ட்டர் சரியான வேட்பாளர்தான். ஆனால் வேட்பாளர் பட்டியலும் குழு நியமனங்களும் முதலாளித்துவக் கட்சி ஒன்றின் பிடியில் இருந்தன. தொகுதிக்குள் ஆண்டு முழுவதும் இயங்கும் சங்கமும், பகுதிக் குழுவும் அவர் எழுப்பிய கோரிக்கைகளின் அளவுக்கு வளரவில்லை. 2017இல் கதவு தட்டிய இயக்கம், தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடையே வேர்பிடிக்கவில்லை.

இதற்கு மாறான அனுபவம் நம் நாட்டிலேயே உண்டு. பகோதர் தொகுதியில் 1990, 1995, 2000 ஆகிய மூன்று தேர்தல்களில் வென்ற தோழர் மகேந்திர சிங், பல காலம் அவையில் தனிக்குரலாக இருந்தவர். ஆனால் கிராமங்களில் அவர் தனியாக இல்லை. நிலத்துக்காகவும் கூலிக்காகவும் திரண்ட ஏழைகளின் அமைப்பு அவருக்குப் பின்னே நின்றது. 2005 ஜனவரி 16 அன்று அவரைச் சுட்டுக் கொன்றவர்களால் அந்த அமைப்பைக் கொல்ல முடியவில்லை. அடுத்த மாதமே அதே தொகுதி வினோத் சிங்கை வெல்லவைத்தது.

நமக்கான பணி

இங்கும் சீருடையை வைத்து அரசியல் நடத்துகிறார்கள். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் சேரும் இளைஞருக்கு நான்கு ஆண்டுப் பணி. அவர்களில் 25 சதவீதம் பேர் வரை மட்டுமே நிரந்தரமாக்கப்படுவர். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. முதல் அணியினர் பணிக்காலத்தை முடிப்பது 2026 இறுதியில் தொடங்குகிறது. 29 தொழிலாளர் சட்டங்களை விழுங்கிய நான்கு சட்டத்தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயமாகிவிட்டது. படையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவரை, உரிமையற்ற தொழிலாளியாகவே ஆலை வாயிலும் தனியார் காவல் நிறுவனமும் வரவேற்கக் காத்திருக்கின்றன.

வேலையின்றித் திரும்பும் இந்த இளைஞர்களின் கோபத்தை மதவெறிக் கும்பல்கள் கைப்பற்ற விடலாமா? ஊர்தோறும் அவர்களைச் சந்தித்து, வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் ஆன போராட்டத்தில் தொழிற்சங்கங்களோடும் விவசாய, இளைஞர் அமைப்புகளோடும் இணைப்பது உடனடிப் பணி. அத்தகைய போராட்டங்களிலிருந்து சட்டமன்றம் செல்பவர் எழுப்பும் குரலைக் குழு அறையில் புதைப்பது எளிதல்ல. புதைத்தாலும் அதைத் தோண்டியெடுக்க வெளியே மக்கள் இருப்பார்கள்.