பட்டன் மாதிரி இருந்தா பட்டன் ஆயிடுமா?

இப்பல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் கத்துக்கிட்டு ஆறு மாசம் ஆன பயலுக கூட சொந்தமா ஒரு யூஐ லைப்ரரி எழுத ஆரம்பிச்சிடுதாங்க. நல்ல விஷயம்தான், எழுதட்டும். ஆனா அந்த லைப்ரரியோட முதல் கோப்பைத் திறந்து பார்த்தா எனக்கு ரத்தம் கொதிக்குது. முதல் கோப்பு பெரும்பாலும் பட்டன்தான். உள்ளே பார்த்தா பட்டனைத் தவிர மத்ததெல்லாம் இருக்கு. ஒரு டிவ், வளைஞ்ச மூலை, கொஞ்சம் நிழல், ஒரு ஆன்கிளிக். சோலி முடிஞ்சுது!

ஊர் ஊருக்கு 'திருநெல்வேலி அல்வா'ன்னு போர்டு மாட்டி, கலரும் நெய்ப் பளபளப்புமா ஒண்ணைத் தட்டுல வச்சிருப்பான். வாயில போட்டாத்தான் தெரியும் சேதி. டிவ்வை வச்சுச் செஞ்ச பட்டனும் அப்படித்தான். கண்ணால பாக்கிறவனுக்கு, மவுசைக் கையில வச்சிருக்கிறவனுக்கு மட்டும் அது பட்டன். மத்தவனுக்கு வெறும் எழுத்து.

எச்.டி.எம்.எல். தருகிற நிஜ பட்டன் என்னென்ன செய்யுதுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. டேப் தட்டினா தானா ஃபோகஸ் வாங்கிக்கும். என்டரை அழுத்தினவுடனே வேலை செய்யும். ஸ்பேஸை அழுத்தி, விரலை எடுக்கும்போது வேலை செய்யும். திரைவாசிப்பான்கிட்ட 'நான் ஒரு பட்டன், என் பேரு இது'ன்னு சொல்லும். டிஸேபிள் பண்ணினா அதையும் சொல்லும். படிவத்துக்குள்ள இருந்தா படிவத்தை அனுப்பும். இத்தனையும் ஓசி. நீங்க ஒரு வரி எழுத வேண்டாம். இந்த ஓசியை வேண்டாம்னு தள்ளிட்டு, டிவ்வுக்கு ரோல், டேப்இண்டெக்ஸ், கீ ஹேண்ட்லர்னு நாப்பது வரி எழுதி, அதுலயும் ஸ்பேஸ் தட்டினா பக்கம் கீழே உருளுதேன்னு தலையைச் சொறியறதுக்குப் பேரு திறமையா?

"அண்ணாச்சி, இதையெல்லாம் யாரு பயன்படுத்தப் போறா? நூத்துல ஒருத்தன்"னு சொல்லுவாங்க. இந்தப் பேச்சுதான் எனக்கு ஆகவே ஆகாது. அதுவும் நம்ம ஊர்க்காரன் வாயிலேர்ந்து வந்தா ரெண்டு மடங்கு ஆகாது.

ஏன்னா நம்ம பாளையங்கோட்டை யாரு? ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றவங்களுக்கும், ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் காது கேளாதவங்களுக்கும் 1890-களிலேயே பள்ளிக்கூடம் தொடங்கின ஊரு. நூத்து இருபது வருஷத்துக்கும் மேலா இங்கே பிள்ளைங்க படிச்சு வெளியே வந்துக்கிட்டு இருக்காங்க. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவுல பார்வைக் குறைபாடு உள்ளவங்க மட்டும் 50 லட்சத்துக்கு மேல. கை நடுக்கம் உள்ள பெரியவர், மவுசு பிடிக்க முடியாதவர், விசைப்பலகையை மட்டும் நம்பியிருக்கிறவர் எல்லாம் இந்தக் கணக்குல வரவே இல்லை.

என் நண்பர் ஒருத்தர், பாளையங்கோட்டைக்காரர், பார்வை கிடையாது. கணினியில என்.வி.டி.ஏ. வச்சு வேலை பாக்கிறவர். மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே-ன்னு ஆஸ்திரேலியாவுல இருக்கிற ரெண்டு பேரு, ரெண்டு பேருமே பார்வையற்றவங்க, இலவசமா செஞ்சு கொடுத்த மென்பொருள் அது. 2006-ல் ஆரம்பிச்சது. அதுல 'பி' எழுத்தைத் தட்டினா பக்கத்துல இருக்கிற அடுத்த பட்டனுக்குத் தாவும். ஒருநாள் ஏதோ ஒரு தளத்துல (பேரு வேண்டாம்) பணம் கட்ட உட்கார்ந்தோம். பேரு, நம்பர், தொகை எல்லாம் அவரே மளமளன்னு அடிச்சிட்டார். கடைசியில 'பி' தட்டுறார், பட்டனே இல்லைங்குது. டேப் தட்டுறார், தாண்டிப் போகுது. வரி வரியா வாசிக்க விட்டா 'பணம் செலுத்து'ன்னு ஏதோ தலைப்பை வாசிக்கிற மாதிரி வாசிக்குது, பட்டன்னு சொல்லலை. "நீங்களே அமுக்கிருங்க வே"ன்னு மவுசை என் பக்கம் தள்ளினார். சொந்தக் காசு, சொந்தக் கணக்கு, ஆனா அமுக்கறதுக்கு மட்டும் இன்னொருத்தன் விரல். நூத்துல ஒருத்தன்னு சொல்றவங்க அந்த ஒருத்தர்கிட்ட நேர்ல போய்ச் சொல்லுங்க பாப்போம்.

நெல்லைக்கும் பாளைக்கும் நடுவுல தாமிரபரணி ஓடுது. 1843-ல் சுலோசன முதலியார் தன் சொந்தக் காசைப் போட்டு அதுக்கு மேல பாலம் கட்டினார். 'நீச்சல் தெரிஞ்சவன் நீந்திப் போறான், படகு கிடைச்சவன் படகுல போறான், மிச்சம் எத்தனை பேரு?'ன்னு அவர் கணக்குப் பாத்திருந்தா பாலம் வந்திருக்காது. பாலம் வந்த பிறகு நீச்சல் தெரிஞ்சவனும் அது மேலதான் போறான். நிஜ பட்டனும் அப்படித்தான். மவுசு பிடிக்கிறவனுக்கு அதால ஒரு நஷ்டமும் இல்லை.

அடுத்த சாக்கு: "நிஜ பட்டன் அசிங்கமா இருக்கும், டிசைனுக்கு ஒத்து வராது." சுத்தப் பொய். சி.எஸ்.எஸ்.-ல நாலு வரியில பிரவுசர் போட்ட பெயின்டைச் சுரண்டிட்டு உங்க பெயின்டை அடிச்சுக்கலாம். ஃபோகஸ் கோட்டை மட்டும் அழிச்சிடாதீங்க. அசிங்கமா இருக்குன்னு அவுட்லைனை எடுத்துடறது, ராத்திரியில தெருவிளக்கை அணைக்கிற மாதிரி.

மூணாவது சாக்கு: "அதான் ஆரியா போட்டுட்டோம்ல." (நடிகர் இல்லைங்க :-)) ஆரியா பேரை மட்டும்தான் மாத்தும், வேலை செய்யாது. டிவ்வுக்கு பட்டன்னு ரோல் போட்டா, திரைவாசிப்பான் நம்பி 'பட்டன்'னு சொல்லிடும். அவர் டேப் தட்டினா நிக்காது, என்டர் தட்டினா ஒண்ணும் நடக்காது. பொய் சொல்றதுக்குச் சும்மா இருந்திருக்கலாம்.

சரி, திட்டினது போதும். ஒழுங்கான பட்டன் கம்போனெண்ட் எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிடுதேன்.

1. உள்ளே இருக்கிறது நிஜ பட்டன். அதோட டைப், சொல்லாட்டி 'பட்டன்'னே இருக்கட்டும். இல்லைன்னா படிவத்துக்குள்ள காலண்டரைத் திறக்கப் போனவன் படிவத்தையே அனுப்பிடுவான்.

2. வேற பக்கத்துக்குக் கூட்டிட்டுப் போனா அது லிங்க். ஒரு காரியம் செஞ்சா பட்டன். ரெண்டையும் ஒரே கம்போனெண்டுல குழப்பாதீங்க. தோற்றம் தனி, நடத்தை தனி, ஐகான் தனின்னு பிரிச்சு வச்சா ரெண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கலாம். மாடுலர்னா அதுதான். நாப்பது ப்ராப் வச்ச ஒரே பூதம் மாடுலர் இல்லை.

3. குப்பைத்தொட்டி படம் மட்டும் போட்ட பட்டனுக்குப் பேரு கட்டாயம். பேரு கொடுக்காட்டி கோடு கம்பைலே ஆகக்கூடாது. டெவலப்பர் ஞாபகசக்தியை நம்பாதீங்க, டைப்ஸ்கிரிப்டை நம்புங்க.

4. 'காத்திருக்கவும்' நேரத்துல டிஸேபிள் பண்ணினா ஃபோகஸ் தொலைஞ்சு போகலாம். ஆரியா-டிஸேபிள்டு வச்சுட்டு, ரெண்டாவது கிளிக்கை கோடுல தடுங்க. காசும் ரெண்டு தடவை போகாது.

5. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 வேறுபாடு. அளவு குறைஞ்சது 24-க்கு 24 பிக்சல். முதலாவது பழைய விதி. ரெண்டாவது 2023 அக்டோபர்ல வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2-ல் சேர்ந்தது.

6. இது நம்மளுக்குன்னே உள்ளது. 'சப்மிட்' ஆறு எழுத்து இங்கிலீஷ்ல. 'சமர்ப்பிக்கவும்' போட்டுப் பாருங்க, நிலையான அகலம் வச்ச பட்டன் பிதுங்கிடும். உயரத்தை இறுக்கினா விசிறியும் சுழியும் வெட்டுப்படும். அகலத்தை எழுத்தே முடிவு பண்ணட்டும். 'க்ளோஸ்', 'லோடிங்'னு உள்ளேயே இங்கிலீஷ்ல பொதிஞ்சு வச்ச பேரையெல்லாம் வெளியேர்ந்து மாத்த வழி வைங்க. பக்கத்துல மொழி தமிழ்னு குறிங்க. இல்லாட்டி இங்கிலீஷ் குரல் தமிழைக் கடிச்சுத் துப்பும்.

சட்டம்னு ஒண்ணு இருக்கிறதையும் மறந்துடாதீங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லயே வந்தாச்சு. அரசு மட்டுமில்லை, தனியார் சேவைக்கும் அது பொருந்தும். கண்ணைச் சிமிட்டச் சொல்லி ஆளைச் சரிபார்க்கிற இணைய முறை எங்களுக்கு எப்படி ஆகும்னு ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்களும் பார்வையற்றவரும் போட்ட வழக்குல, டிஜிட்டல் வசதி கிடைக்கிறது வாழ்வுரிமையோட பகுதின்னு உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்னைக்குச் சொல்லிடுச்சு.

கோர்ட்டு சொல்லித்தான் பட்டன் செய்யணுமா என்ன? தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில உட்கார்ந்து உலகத்துக்கே மென்பொருள் எழுதுற காலம் இது. நம்ம பக்கத்துப் பயலுக எழுதுற லைப்ரரி நாளைக்கு எத்தனை தளத்துல போய் உட்காருமோ! ஒரு கோப்புல டிவ் போட்டா ஆயிரம் பக்கத்துல கதவு அடைபடும். அதே கோப்புல பட்டன் போட்டா ஆயிரம் கதவும் தன்னால திறக்கும்.

உங்க லைப்ரரியை இப்பவே திறங்க. மவுசைக் கழட்டி வச்சிட்டு டேப், என்டர், ஸ்பேஸ் மூணை மட்டும் வச்சு அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பாருங்க. பட்டன் நிக்கலைன்னா இன்னைக்கே அந்த டிவ்வைத் தூக்குங்க. அம்புட்டுத்தான்.