மதாமின் தலையில் மட்டும் ஏற்றிய பழி

பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’ நாவலுக்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நம் ஊர்க்காரருக்குக் கிடைத்த பெருமை என்று புதுச்சேரி மகிழ்ந்தது. 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது அரசு மரியாதையும் செய்தது. ஆனால் நாவலைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் அதைப் படித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் பொருந்துவதில்லை. “பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேக்கும் அவர் மனைவி மதாமுக்கும் இருந்த பாசம்தான் கதை, மற்றதெல்லாம் பின்னணி” என்பார் ஒருவர். “எங்க சாமியார்களை இப்படியா எழுதுவது?” என்று மாதா கோயிலுக்குப் போகிறவர் மனம் நோவார். “எழுதினது போதாது, இன்னும் எழுதியிருக்கணும்” என்று பக்கத்துத் தெருக்காரர் கொதிப்பார். பாதியில் மூடி வைத்தவர்களும் உண்டு. போர், கப்பல், துபாஷ், நவாபு என்று பெயர்கள் குவிகின்றன, காதலைக் காணோம் என்பது அவர்கள் குறை.

அமெரிக்காவில் கிறிஸ்தவப் போர்க்காலக் காதல் நாவல் என்று தனியாக ஒரு வகையே இருக்கிறது. அங்கேயும் வாசகர்கள் இரண்டு பக்கம் நின்று சண்டை போடுகிறார்கள். ஜெபம் அதிகம், கதை குறைவு என்கிறது ஒரு பக்கம். முத்தம் அதிகம், கர்த்தர் குறைவு என்கிறது இன்னொரு பக்கம். அந்தச் சண்டையில் எவருக்கும் பெரிய சேதமில்லை. நம் வழக்கு அப்படிப்பட்டதன்று. இங்கே இடிக்கப்பட்ட கோயிலுக்கு முகவரி இருக்கிறது, பறிபோன கிராமங்களுக்குப் பெயர் இருக்கிறது, அந்தக் கிராமங்களில் நாம் குடியிருக்கிறோம். ஆகவே “அவரவர் ருசி” என்று ஒதுங்கிப் போவது இந்தப் பக்கத்துக்கு அழகில்லை. தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

முதலில் காதல். மதாமின் பெயர் ழான் அல்பேர்; புதுச்சேரியிலேயே 1706-இல் பிறந்தவர். தகப்பன் பிரெஞ்சுக் கம்பெனி வைத்தியர். தாய்வழியில் சென்னைப் போர்த்துகீசிய இரத்தம். பதின்மூன்று வயதில் வேன்சான் என்ற வணிகருக்கு மணமுடிக்கப்பட்டு, பதினொரு பிள்ளைகள் பெற்று, விதவையானவர். 1741-இல் சந்திரநாகூரில் டூப்ளேயை மறுமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு டூப்ளே புதுச்சேரிக்குக் கவர்னராக வந்தபோது ழான் சொந்த ஊருக்கே மதாமாகத் திரும்பினார். தமிழ் பேசத் தெரிந்த கவர்னர் மனைவி. போர்க்காலத்தில் ஒற்றர்களை நடத்தினார், நவாபு வீடுகளுக்குக் கடிதம் எழுதினார். ஜோஆன்னா பேகம் என்ற பெயரும் வந்தது. 1934-இல் புதுச்சேரியில் இவோன் ரொபேர் கெப்லே என்ற பிரெஞ்சுப் பெண்மணி ஒரு வாழ்க்கை வரலாறே எழுதினார். அதில் ழான் ஒரு காவிய நாயகி.

அதே பெண், அவர் காலத்து வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் வேறு ஆள். இலஞ்சம் வாங்குபவர், வதைப்பவர், மத வெறி கொண்டவர், புருஷனைக் கைக்குள் வைத்திருப்பவர். பிரபஞ்சன் பெரிதும் பின்பற்றியது இந்த இரண்டாவது படத்தை. அதில் தவறு என்று நாம் சொல்லப் போவதில்லை. 1736 முதல் 1761 வரை நீளும் அந்த நாட்குறிப்பைப் போல இன்னொரு சாட்சி அந்தக் காலத்துப் புதுச்சேரிக்கு இல்லை. ஆனால் சாட்சிக்கும் வழக்கில் பங்கு இருந்தது என்பதை வாசகர் மறந்துவிடக் கூடாது. கிறிஸ்தவரான கனகராய முதலியார் 1746-இல் இறந்தார். அவர் வகித்த, கம்பெனியின் தலைமை இடைத்தரகரான பெரிய துபாஷ் பதவி பிள்ளைக்கு உடனே கிடைத்துவிடவில்லை. அது கிறிஸ்தவர் ஒருவருக்கே போக வேண்டும் என்று சாமியார்களும் மதாமும் முயன்றார்கள். அன்னபூர்ண ஐயன் என்ற பெயர் அடிபட்டது. தன் பதவிக்குக் குறுக்கே நின்ற பெண்ணைப் பற்றி ஒருவர் இரவில் விளக்கு வைத்துக்கொண்டு எழுதியது அது. எழுதியது பொய் என்பதற்கில்லை. எழுதாமல் விட்டது எவ்வளவு என்பதே கேள்வி.

இனி அந்த 1748 செப்டம்பர். பாஸ்கவென் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தார்கள். அரியாங்குப்பம் கோட்டை விழுந்துவிட்டது. குண்டுகள் ஊருக்குள் விழுந்துகொண்டிருந்த அந்த வாரங்களில்தான் சேசுசபையாரின் சம்பா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. பல ஆண்டுகளாகச் சாமியார்கள் கேட்டு வந்தது. முந்தைய கவர்னர்கள் ஊர்க் கலகத்துக்கு அஞ்சித் தள்ளிப் போட்டது. காரைக்காலிலிருந்து வந்த கேர்தூ பாதிரியார் லிங்கத்தைக் காலால் உதைத்துச் சம்மட்டியால் உடைத்தார் என்று நாட்குறிப்பு சொல்கிறது. மதாமும் அங்கே போய் வந்தார் என்கிறது. இந்தக் கேர்தூ யார் தெரியுமா? பின்னாளில், 1767-இல், சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உறவு உண்டு என்று பாரிஸ் அறிஞர்களுக்கு எழுதியனுப்பிய அதே பாதிரியார். படிப்பு ஒருவரைக் காப்பாற்றிவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் மென்று பார்க்கலாம்.

இந்தச் சம்பவத்தை நாவலிலிருந்து நீக்கியிருக்கலாம் அல்லது மழுப்பியிருக்கலாம் என்று நினைக்கும் கிறிஸ்தவ வாசகர்களுக்கு நம் பதில் ஒன்றுதான்: முடியாது. நடந்தது நடந்ததுதான். அதை எழுதியவர் உங்கள் விரோதி ஆகமாட்டார். பதினெட்டாம் நூற்றாண்டுச் சேசுசபையார் செய்ததை ஒத்துக்கொள்வதால் இன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிற எவருடைய விசுவாசத்துக்கும் குறை வந்துவிடாது. ஒத்துக்கொள்ள மறுத்தால்தான் அந்தப் பாதிரியாரின் காலடியில் நாமும் நின்றதாக ஆகும்.

அதே பக்கங்களைக் கிழித்தெடுத்து இன்றைய அண்டை வீட்டுக்காரர் முகத்தில் வீசப் பார்க்கிறவர்களுக்கு இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாட்குறிப்பை 1748-இல் திறப்பவர்கள் 1745-ஐயும் திறந்து பார்க்கட்டும். அந்த ஆண்டு கனகராய முதலியார் ஒழுகரையில் கட்டிய கோயிலின் திறப்பு விருந்து நடந்தது. பிராமணர் முதல் எல்லாச் சாதியாரும் அழைக்கப்பட்டு, அவரவர் ஆசாரப்படி சமையல் செய்து பரிமாறப்பட்டது. பிள்ளையே போய் வந்து எழுதி வைத்தார். அதே 1745-இல்தான் சம்பா கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து நிறுத்திய சுவரை எடுக்கச் சொல்லித் தகராறு வந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் பாதிரியாரிடம் முறையிட்டார்கள்; சுவர் இடிந்தது; சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். அப்போது கோயிலுக்குள் யார் யாரை மிதித்தார்கள் என்ற கணக்கைப் போட்டால் இந்து, கிறிஸ்தவர் என்ற இரண்டு பெட்டிக்குள் அது அடங்காது. கோயிலை இடித்தவர்களின் சம்பா கோயிலும் நிலைக்கவில்லை. 1761-இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அதையும் தரைமட்டமாக்கினார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தாம். ஈசுவரன் கோயில் வேறு தெருவில் திரும்ப எழுந்தது, சம்பா கோயிலும் திரும்ப எழுந்தது. இரண்டுக்கும் இன்று ஊர் போகிறது.

வில்லியனூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. திருக்காமீசுவரர் தேரின் வடத்தைப் பிரெஞ்சுக் கவர்னர் தொட்டு இழுத்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது. லூர்து மாதா கோயில் குளத்தில் தண்ணீர் எடுக்க வருகிறவர்களின் நெற்றியைப் பார்த்து யாரும் ஆளைத் தடுப்பதில்லை. இப்படி வாழ்கிற ஊரில் ஒரு நாவலை வைத்துக்கொண்டு கணக்குத் தீர்க்கப் பார்ப்பது வெட்கக்கேடு.

இவ்வளவும் வாசகர்களைப் பற்றி. நாவலைப் பற்றியும் நமக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. மதாம் மீது குவியும் வெறுப்பின் நிழலில் டூப்ளே தப்பிவிடுகிறார். மனைவி சொல்லைத் தட்ட முடியாத கணவர், மதி மயங்கிய பெரிய மனிதர் என்று அவர்மேல் வாசகர் இரக்கம் போய் விழுகிறது. கோயிலை இடிக்க உத்தரவு கொடுத்தது யார்? கவர்னர். கூடி முடிவெடுத்தது எது? ஆண்கள் மட்டும் உட்கார்ந்த ஆலோசனைச் சபை. கம்பெனிக் கூலியாட்களை அனுப்பியது யார்? கம்பெனி எஞ்சினியர். மதாம் தூண்டினார் என்றே வைத்துக்கொள்வோம். தூண்டுகிறவர் சொன்னபடி கையெழுத்துப் போடுகிறவனுக்குப் பழி குறையுமா? பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டான் என்று முடிச்சுப் போடுவது நம் பஞ்சாயத்துகளில் இன்றைக்கும் நடக்கிறது. கையாடல் செய்த தலைவர் வெளியே வந்துவிடுவார், வீட்டுக்காரியின் பேராசைதான் ஊர் வாயில் மிஞ்சும். பெண்கள் பக்கம் நின்று எழுதிய பிரபஞ்சன் போன்ற ஒருவர், இந்த ஒரு பெண் விஷயத்தில் பிள்ளையின் கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்துவிட்டார் என்பது நம் வருத்தம்.

கடற்கரைச் சாலையில் போய்ப் பாருங்கள். டூப்ளேக்கு இன்றும் சிலை இருக்கிறது, 1870-இல் வைத்தது. நாம் அதை உடைக்கச் சொல்லவில்லை. உத்தரவு போட்டவர் வெண்கலமாக நிற்க, உடன் நின்ற பெண் மட்டும் வசையாக மிஞ்சியிருப்பது நியாயமா என்று கேட்கிறோம். அந்த மனிதர் மனைவியை உண்மையாகவே நேசித்திருக்கலாம். 1754-இல் பதவி பறிக்கப்பட்டுக் கப்பலேறியபோதும் சேர்ந்தே போனார்கள். 1756-இல் ழான் பாரிசில் இறந்தார். டூப்ளே கம்பெனியோடு வழக்காடி வறுமையில் 1763-இல் இறந்தார். படிக்க மனம் இளகத்தான் செய்கிறது. ஆனால் அந்த அன்பை எந்த நீதிமன்றத்திலும் தணிப்புக் காரணமாக ஏற்க முடியாது.

ஏனென்றால் அந்த அன்பு வாழ்ந்த மாளிகைக்கு வாடகை கொடுத்தவை நம் கொம்யூன்கள். 1749-இல் ஆம்பூர்ப் போரில் பிரெஞ்சுப் படை சந்தா சாகிபுக்குத் துணை நின்றது. அவர் நவாபானார். அந்த நன்றிக்கடனில் வில்லியனூரும் சுற்றுக் கிராமங்களும் கம்பெனி கைக்குப் போயின. பாகூரும் அதே பேரத்தின் தொடர்ச்சியாக வந்து சேர்ந்தது. தாரை வார்த்தவரும் வாங்கியவரும் அங்கே ஏர் பிடித்த ஒருவரையும் கேட்கவில்லை. 1752-இல் பாகூரிலேயே போர் நடந்தது. ஆங்கிலேயத் தளபதி லாரன்சின் படையிடம் தோற்றுச் சிறைப்பட்ட பிரெஞ்சுத் தளபதி கெர்ழான், டூப்ளேயின் நெருங்கிய உறவினர். வரலாற்று நூல்களில் பிடிபட்ட வெள்ளைக்காரர் எத்தனை பேர் என்ற கணக்கு கிடைக்கும். அந்த வயலில் நின்ற பயிர் என்ன ஆனது, மாடுகளை யார் ஓட்டிப் போனார்கள், ஏரிக்கரைக் குடிசைகள் மிஞ்சினவா என்று எழுதி வைத்தவர் எவரும் இல்லை. பிள்ளையும் பெரிதாக எழுதவில்லை. அவர் வணிகர், போரில் அவருக்கும் இலாபம் இருந்தது.

பாகூருக்கு எழுத்து புதிதல்ல. நிருபதுங்கவர்மன் காலத்திலேயே, ஒன்பதாம் நூற்றாண்டில், மூன்று கிராமங்களின் வருவாய் கொண்டு நடந்த கல்விக்கூடம் அங்கே இருந்ததைச் செப்பேடு சொல்கிறது. அப்படிப்பட்ட ஊரின் வாசகர்கள் இந்த நாவலிடம் கேட்க வேண்டிய கேள்வி “இது எங்கள் மதத்துக்கு ஆதரவா, எதிரா?” என்பதன்று. “எங்கள் பாட்டன் இதில் எங்கே?” என்பது. கூலிக்கு மூட்டை சுமந்தவன், சிப்பாயாகச் சேர்ந்தவன், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பூசை கண்டவள் என்று அவர்கள் நாவலின் ஓரத்தில் கடந்து போகிறார்கள். அவர்களை நடுவில் நிறுத்தி ஒரு நாவல் இன்னும் வரவில்லை. வந்தால் காதலும் அதில் நிச்சயம் இருக்கும். முற்றுகைக் காலத்தில் ஓடிப்போய் எந்தக் கோயிலின் ஆசியும் இல்லாமல் குடித்தனம் நடத்தியவர்கள் கவர்னர் மாளிகையில் மட்டும்தானா இருந்திருப்பார்கள்?

பள்ளி ஆசிரியர்கள் சிலருக்கு ஒரு தயக்கம் உண்டு: கலந்து படிக்கும் பிள்ளைகளிடம் இந்த நாவலைக் கொடுக்கலாமா, வம்பு வருமே என்று. தாராளமாகக் கொடுங்கள். கிளை நூலகங்களில் நாவலுக்குப் பக்கத்திலேயே நாட்குறிப்பின் 1745, 1748 தொகுதிகளும் இருக்கும்படி நூலகத்துறை பார்த்துக்கொள்ள வேண்டும். கெப்லே எழுதியதைத் தமிழில் கொண்டுவரவும் ஆள் வேண்டும். பிரெஞ்சு தெரிந்த ஓய்வூதியர்கள் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். மூன்றையும் படித்துவிட்டு ஒரு மாணவி எழுந்து “மதாம்தான் குற்றவாளி” என்றே சொன்னாலும் பரவாயில்லை. உத்தரவில் யார் கையெழுத்து என்பதை அவள் பார்த்திருந்தால் போதும்.